சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம்

கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது பல்லுக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக அவருக்கு அதுதான் வேலை. முன்னறையில் டாக்டர் பிடுங்குவார், பின்னறையில் இவர் கட்டுவார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் சிரித்தார்கள். மீதிப் பேர் சொந்தப் பல்லால் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சம்மேளனத்தின் உயர்மட்டக் குழுவில் புதிதாக ஏற்படுத்தப்பட்டுள்ள 'ரசிகர் பிரதிநிதி' பதவிக்கு அவர் நியமிக்கப்பட்டிருப்பதாகவும், ரசிகர்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு இது என்றும், இதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றும் அதில் கண்டிருந்தது.

நியமனத்துக்குக் காரணம் அவர் எழுதிய மனு. மனுவுக்குக் காரணம் ஒரு துணி.

பல்லுக்காரரும் அவருடைய அக்காவும் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு வடக்கு கேலரியில் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து ஊர் டீமின் ஆட்டத்தைப் பார்த்து வந்தவர்கள். அக்கா பஸ் ஓட்டுகிறவள். வாரம் முழுக்க ரோட்டில் அடக்கிவைத்த வார்த்தைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடுவர் தலையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவாள். பல்லுக்காரர் சத்தமே போட மாட்டார். நகம் கடிப்பார். நகம் கடித்தால் முன்பல் தேயும் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மனிதர், தொண்ணூறு நிமிஷத்தில் பத்து விரலையும் முடித்துவிடுவார்.

இந்த வருடம் சம்மேளனம் முதல் பிரிவு ஆட்டங்களை எல்லாம் புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு மாற்றிவிட்டது. 'உலகெங்கும் உள்ள ரசிகர்களின் வசதிக்காக' என்று அறிவிப்பு. புதன்கிழமை பதினொன்றரைக்கு ஊரில் யார் சும்மா இருக்கிறார்கள்? கேலரி காலியானது. காலி நாற்காலி டிவியில் அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கும் சம்மேளனம் வழி கண்டுபிடித்தது. பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எடுத்த கூட்டத்தின் போட்டோவைப் பெரிய துணியில் அச்சடித்து, வடக்கு கேலரி முழுக்க மூடிக் கட்டிவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை அக்காவும் தம்பியும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். பல்வலி என்று சொல்லி லீவு கேட்க முடியாத ஒரே தொழில் அவருடையது. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தார். ஏழாவது வரிசைக்குப் போனால் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"துணி மேல உக்காரக் கூடாதுங்க."

"இது எங்க சீட்டுப்பா. இருபத்திரண்டு வருஷமா எங்க சீட்டு" என்றாள் அக்கா.

காவலாளி துணியைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி துணியைப் பார்த்தான். ஏழாவது வரிசையில் அக்கா வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பல்லுக்காரர், வாயில் கட்டைவிரலோடு.

"நீங்கதான் ஏற்கெனவே உக்காந்திருக்கீங்களே. அப்புறம் என்ன?" என்றான் அவன். கேலி செய்யவில்லை, அவனுக்கு உண்மையிலேயே அது நியாயமாகப் பட்டது.

அன்றைக்கு இருவரும் கழிப்பறைக் குழாயை ஒட்டி நின்றபடி ஆட்டம் பார்த்தார்கள். சாயங்காலம் அக்கா தம்பியை உட்கார வைத்து மனு எழுதச் சொன்னாள். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே வைக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதவி வந்திருந்தது.

"உனக்கா?" என்று அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "கோல் விழுந்தாக்கூட வாயத் திறக்க மாட்டியேடா நீ! சரி, போ. ஒரே ஒரு வாக்கியம்தான். ஞாயித்துக்கெழமை நாலு மணி. வேற எதையும் பேசிக் குழப்பிக்காத."

"அக்கா, தேதியப் பாத்தியா?"

அக்கா பார்த்தாள். கூட்டம் புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு. அதே புதன்கிழமை அதே பதினொன்றரைக்குத்தான் லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் டீம் முதல் பிரிவில் நீடிக்கும். டிரா ஆனாலும் தோற்றாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள் கடைசியில், ஆஸ்பத்திரியில் கிடக்கிற உறவுக்காரருக்குத் துணையிருப்பதாகச் சொல்கிற குரலில்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் செயலாளர் அவரை அழைத்திருந்தார். சம்மேளனத்தின் தலைமையகம் மைதானத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கிற ஆறு மாடிக் கட்டடம். வாசல் அடுத்த தெருவில். மைதானத்தைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"சத்தம் சார். ஒரு வேலை ஓட மாட்டேங்குது" என்று செயலாளர் விளக்கினார். துறுதுறுவென்று இருந்தார். மேல்வரிசையில் இடது கோரைப்பல் கொஞ்சம் தூக்கல். "முதல்ல இந்தப் படிவம். நாப்பத்தொரு கேள்வி."

பதினேழாவது கேள்வி: 'மைதானத்துக்குள் எப்போதாவது உணர்ச்சிவசப்பட்டதுண்டா?' பல்லுக்காரர் 'உண்டு' என்று எழுதினார். செயலாளர் எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

"உண்டுன்னு போட்டா ஒருதலைப்பட்சம் ஆயிடும் சார்."

"நான் ரசிகன்தானே சார்? அப்புறம் எப்படி…"

"நீங்க ரசிகர் இல்ல சார், ரசிகர் பிரதிநிதி. ரெண்டும் வேற. நான் கால்பந்துச் சம்மேளனத்துக்குச் செயலாளர். நான் போய்க் கால்பந்து ஆடறேனா?"

செயலாளர் சுவரில் தொங்கிய உலக வரைபடத்துக்கு அவரை அழைத்துப் போனார். அதில் கலர் கலராகக் குண்டூசி குத்தியிருந்தது.

"நம்ம புதன்கெழமை பதினொன்றரை இருக்கே, அது இந்த நாட்டுல சாப்பிட்டு முடிச்சுட்டு டிவி முன்னாடி சாயற நேரம். இந்த நாட்டுல காலைல எழுந்திரிக்கற நேரம். இங்க லீவு நாள். கணக்குப் போட்டுப் பாத்தா உலகத்துல எல்லாருக்கும் வசதியான நேரம் சார் அது. வசதி இல்லாத ஒரே எடம் இந்த ஊருதான்." பெருமையோடு சொன்னார். "ஒரு ஊர் மட்டும் கஷ்டப்பட்டு உலகமே சந்தோஷமா இருக்குன்னா, அத விட விளையாட்டு உணர்வு வேற என்ன இருக்கு, சொல்லுங்க!"

"நீங்க கடைசியா எப்ப சார் ஒரு மேட்ச் பாத்தீங்க?"

"முழுசாவா?" செயலாளர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "பதவிக்கு வந்தப்புறம் எங்க சார் நேரம்? கால்பந்து வேலையே கழுத்து வரைக்கும் இருக்கு."

புதன்கிழமை பல்லுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனார். ஊர் டீமின் பச்சைக் கலர் கூடாது என்று நுழைவாயிலில் அவருடைய கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூட்ட அறையில் நீளமான மேசை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் கிளாஸ். சுவரெல்லாம் தடித்த பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. உலகச் சம்மேளனத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்திருந்தார். வெள்ளைமுடி, மலர்ந்த முகம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவர். நடுவில் தலைவர். தலைவர் வாயைத் திறந்ததுமே பல்லுக்காரருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: அந்தக் கீழ்வரிசை அவர் கட்டியது. போன வருடம் கட்டியது. 'ச' வருகிற இடத்தில் லேசாகத் தட்டியது. இழைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அது இன்றைய பொருள் பட்டியலில் இல்லை.

பட்டியலில் ஒன்பது பொருள்கள். அவருடையது ஒன்பதாவது.

சரியாகப் பதினொன்றரைக்குத் தலைவர் மணியைத் தட்டினார். அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இரைச்சல் எழுந்து அடங்கியது. பஞ்சு சத்தத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. ஆனால் மேசைமேல் இருந்த கிளாஸ்களில் தண்ணீர் நடுங்கியது. ஆட்டம் தொடங்கிவிட்டது. அன்று ஊரில் வயிற்றுவலி பரவலாக இருந்திருக்க வேண்டும், இரைச்சல் துணியிலிருந்து வந்தது போல இல்லை.

முதல் பொருள், சென்ற கூட்டத்தின் குறிப்பை உறுதி செய்தல். சென்ற கூட்டத்தில் தேநீர் 'வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்ததைத் துணைத் தலைவர் ஆட்சேபித்தார். தனக்கு வரவில்லை என்றார். இருபது நிமிஷம் விவாதித்து, 'பெரும்பாலும் வழங்கப்பட்டது' என்று திருத்தினார்கள். பல்லுக்காரரின் பார்வை கிளாஸை விட்டு நகரவில்லை. கால் தன்னால் ஆடியது.

"மேசை ஆடுதே. யாரு?" என்றார் துணைத் தலைவர்.

பல்லுக்காரர் காலைக் கையால் அழுத்திப் பிடித்தார். அப்போது சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. ஒரு மூலையில் மட்டும் கீச்சென்று ஒரு கூச்சல், அதைச் சுற்றிலும் ஒன்றுமே இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நூறு பேர் மட்டும் கத்தினால் அப்படித்தான் கேட்கும். இருபத்திரண்டு வருடக் காது, தப்பாது. எதிரி கோல் போட்டுவிட்டான்.

அவருக்கு வயிற்றில் நிஜமாகவே வலித்தது.

நான்காவது பொருள், 'ரசிகர்' என்ற சொல்லுக்கு வரையறை. உலகச் சம்மேளனம் கேட்டிருந்ததாம். செயலாளர் வாசித்தார்: "ரசிகர் என்பவர், திரை வழியாகவோ பிற வழிகளிலோ ஆட்டத்தை நுகர்கின்ற, எண்ணத்தக்க நபர்."

"மைதானத்துக்கு வர்றவங்க இதுல எங்க வர்றாங்க?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"பிற வழிகள்ல வந்துடறாங்க சார்."

"அப்ப சரி."

பிறகு தலைவர் பேசினார். எழுந்து நின்று, மைக்கைச் சரி செய்து, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மதிப்பிற்குரிய பார்வையாளர் அவர்களே! கால்பந்து என்பது உலகத்தின் தாய்மொழி. பனி பெய்யற ஊரிலும் சரி, மணல் பறக்கிற ஊரிலும் சரி, ஒரு பந்து உருண்டா கோடிக்கணக்கான நெஞ்சங்கள் உருளுகின்றன. அந்த நெஞ்சங்களோட துடிப்பை நான் இந்த நாற்காலியில உக்காந்தே பதினாறு வருஷமா உணர்ந்துட்டு வர்றேன். ஒரு நாள்கூட எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பார்வையாளர் பதிலுக்குக் கால் மணி நேரம் பேசினார். கையை விரித்தார், கண்ணை மூடினார், நெஞ்சைத் தொட்டார். மொழிபெயர்ப்பாளர் அம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "இங்க வந்ததுல சந்தோஷம்னு சொல்றாரு" என்றார்.

இடைவேளை வந்து போயிருக்க வேண்டும். சுவர் வெகுநேரம் சும்மா இருந்தது. ஆறாவது பொருளின்போது அது மறுபடி உறுமத் தொடங்கியது. அடி அடியாக, விட்டு விட்டு, யாரோ நெருங்கி வந்து திரும்பிப் போகிற மாதிரி.

"என்னய்யா இது பக்கத்துல ஒரே தொந்தரவு?" என்று தலைவர் எரிந்து விழுந்தார். "யாரோ கூட்டம் கூடறாங்க. போலீஸுக்கு எழுதுங்க."

செயலாளர் குனிந்து காதில் சொன்னார். மைக் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அது நம்ம மேட்ச் சார்."

"நம்மளுதா? யாரு அனுமதி குடுத்தா?"

"நீங்கதான் சார்."

"அப்பன்னா சரி. இதையெல்லாம் குறிப்புல ஏத்தாதீங்க."

ஏழாவது பொருளைச் செயலாளர் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தார். 'மேலும் சில நாடுகளின் வசதியை முன்னிட்டு, அடுத்த ஆண்டு முதல் ஆட்டங்களைப் புதன்கிழமை காலை ஏழரைக்கு' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவர் வெடித்தது. கிளாஸில் தண்ணீர் விளிம்பு வரை ஏறித் தளும்பியது. கனத்த, நம்ம ஊர்க் கத்தல். பல்லுக்காரர் தன்னை மறந்து துள்ளி எழுந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று!

அறை அவரையே பார்த்தது.

"பாருங்க!" என்றார் தலைவர் நெகிழ்ந்து போய். "ஏழரை மணிங்கற தீர்மானத்தை ரசிகர் பிரதிநிதி எழுந்து நின்னு, ரெண்டு கையையும் தூக்கி ஆதரிச்சார்னு எழுதிக்குங்க. ஏகமனதாக நிறைவேறியது."

"ஐயையோ, இல்ல சார், நான் அதுக்கு…"

"உங்க கருத்து ஒன்பதாவது பொருள்ல வரும். உக்காருங்க."

பல்லுக்காரர் உட்கார்ந்தார். முகம் ஜிவ்வென்று எரிந்தது. முன்னூறு கையெழுத்து, அக்காவின் ஒரே வாக்கியம், எல்லாவற்றையும் தன் இரண்டு கையாலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னும் ஒரு கோல் வேண்டும். எத்தனை நிமிஷம் பாக்கி என்று தெரியவில்லை. எட்டாவது பொருள், அடையாள அட்டைகளின் நாடா என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது. அவரால் முடியவில்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டார். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்த பிறகு விட்டார்கள்.

தாழ்வாரத்தில் கழிப்பறையைத் தாண்டி ஓடினார். கடைசியில் டீ போடுகிற சின்ன அறை. உள்ளே டீ போடுகிற அம்மாவும், பார்வையாளரின் கார் டிரைவரும் ஒரு போன் மேல் தலையை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். டிரைவர் பார்வையாளரோடு அவர் நாட்டிலிருந்தே வந்தவர், மேசையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்த ஆஜானுபாகு. போனில் அவருடைய பாஷையில் யாரோ மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே" என்று டீ அம்மா நகர்ந்து இடம் விட்டார். "எம்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. போன்ல அரை நிமிஷம் லேட்டாத்தான் வருது. செவுரு முதல்ல சொல்லும், அப்புறம் இது காட்டும்."

"இவரு பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"ஒரு வார்த்தை புரியல. ஆனா நம்ம கோல்கீப்பர் சரியில்லன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்."

டிரைவர் பல்லுக்காரரின் கடித்த நகங்களைப் பார்த்தார். தன் கையை விரித்துக் காட்டினார். அதிலும் ஒரு நகம் பாக்கியில்லை. பிறகு போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எங்கேயோ ஒரு கேலரி, மழை, சிவப்புச் சட்டைக் கூட்டம், நடுவில் இவர், தோளில் ஒரு சின்னப் பெண். டிரைவர் கையை மேசைக்கு மேலே பிடித்து, அப்படியே மேசைக்குக் கீழே இறக்கினார். உதட்டைப் பிதுக்கினார். போன வருடம் அவர் டீம் இறங்கிவிட்டது. பல்லுக்காரருக்கு அது முழுசாகப் புரிந்தது. டிரைவரின் தோளை ஒரு தடவை தட்டினார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சுவர் அலறியது. அலறல் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள். அரை நிமிஷம் கழித்து அங்கே நம்ம ஒன்பதாம் நம்பர் பெட்டிக்குள் விழுந்தான். நடுவர் கையை நீட்டிப் புள்ளியைக் காட்டினார்.

"பெனால்டி!" என்று டீ அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவு திறந்தது. செயலாளர்.

"இங்கயா இருக்கீங்க? ஒன்பதாவது பொருள் வந்தாச்சு சார். இப்ப வரலன்னா அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுவாங்க. அடுத்த கூட்டம் அடுத்த வருஷம்."

"ஒரே ஒரு நிமிஷம் சார். பெனால்டி."

"அது பாட்டுக்கு நடக்கும் சார். நீங்க வந்து ரசிகர்களோட ஆர்வத்தைப் பத்திப் பேசுங்க."

பல்லுக்காரர் போனைப் பார்த்தார். பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு பெனால்டிக்கும் முதுகு காட்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கம் கேலரியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், இவர் இங்கே பேசிக்கொண்டிருப்பார் என்று நம்பிக்கொண்டு. எழுந்து போனார்.

அறையில் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "ரெண்டு நிமிஷம்" என்றார் தலைவர். "உங்க கருத்தைக் கேட்டுக்கிட்டதுக்கு முதல்ல நன்றி சொல்லிடுங்க."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

"நன்றி முதல்ல. அதுதான் மரபு."

பல்லுக்காரர் நன்றி சொன்னார். கிளாஸில் தண்ணீர் அசைவில்லாமல் கண்ணாடி மாதிரி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழமை…" என்று ஆரம்பித்தார்.

அப்போது வந்தது. கத்தலும் இல்லை, கூச்சலும் இல்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வயிற்றில் குத்து வாங்கியது போல ஒரு நீண்ட 'ஆ'. எதிரி கீப்பர் பிடித்துவிட்டான்.

"…நாலு மணி" என்றார் பல்லுக்காரர். அக்கா சொன்ன வாக்கியம் முடிந்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"புதன்கெழமை எங்களால வர முடியாது சார். எங்கக்கா பஸ் ஓட்டறா. நான் பல்லு கட்டறேன். நாங்க இல்லாத எடத்துல எங்க போட்டோவத் துணியில போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க. நேர்ல போனா என் சீட்டுல என்னையே உக்கார விட மாட்டேங்கறாங்க. உலகத்துல எல்லாரும் பாக்கட்டும் சார், வேணாங்கல. அவங்க டிவியில எங்களத்தானே பாக்கறாங்க? நாங்க கத்தறதத்தானே கேக்கறாங்க? இப்ப ஒரு பெனால்டி போச்சு சார். உங்க யாருக்காவது கேட்டுச்சா?"

கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கைக்குட்டையும் இல்லை.

தலைவர் எழுந்து கை தட்டினார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

"இதுதான்! இதுதான் உணர்ச்சி!" என்றார் தலைவர். "பதினாறு வருஷமா நான் சொல்லிட்டிருந்தது இதைத்தான். போட்டோ எடுத்தீங்களா?"

போட்டோக்காரர் அப்போதுதான் மூலையில் லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். பார்வையாளர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அம்மா சங்கடத்தோடு பல்லுக்காரரைப் பார்த்தார். "உலகச் சம்மேளனத்தோட ஆண்டு மலர்ல அட்டைப்படமாப் போடணுமாம். இன்னொரு தடவை அழ முடியுமான்னு கேக்கறாரு."

பல்லுக்காரர் மைக்கை அணைத்துவிட்டு வெளியே நடந்தார். தாழ்வாரத்தில் நடை ஓட்டமானது. ஆறு மாடியும் படியில் இறங்கினார். வாசல் அடுத்த தெருவில் இருந்ததால் கட்டடத்தையும் மைதானத்தின் சுவரையும் முழுசாகச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும், கூடுதல் நேரம் கொடுப்பார்கள், ஒரு கார்னர் போதும் என்று கணக்குப் போட்டபடியே ஓடினார். பாதி வழியில் விசில் கேட்டது. மூன்று தடவை.

வடக்கு வாசலில் ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா நடைபாதை ஓரத்தில் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிப் போயிருந்தது.

"அடிச்சவன் மேல தப்பு இல்லடா" என்றாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும். "நல்லாத்தான் அடிச்சான். கீப்பர் சரியான பக்கம் பாஞ்சுட்டான்."

"ம்."

"நீ பாத்தியா?"

"கேட்டேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்ய முடியாமல், ஷூவுக்குள் இருந்த கல்லை உதறிவிட்டு மாட்டிக்கொண்டாள். ரெண்டரைக்கு அவள் வண்டி எடுக்க வேண்டும்.

பல்லுக்காரர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டர் முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"வயித்துவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு டாக்டர்."

"எனக்கும்தான்" என்றார் டாக்டர்.

அடுத்த லீக் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் இரண்டாம் பிரிவின் அட்டவணை வெளிவந்தது. இரண்டாம் பிரிவை உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. டிவிக்காரர்கள் கேமராக்களைக் கழற்றிக்கொண்டு முதல் பிரிவு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். துணியையும் சுருட்டிக்கொண்டு போனார்கள், இன்னொரு ஊரில் கட்ட. அட்டவணையின் மேலே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'ரசிகர் பிரதிநிதியின் கோரிக்கையைச் சம்மேளனம் கனிவுடன் பரிசீலித்து ஏற்றுக்கொண்டதன் பேரில், இப்பிரிவின் ஆட்டங்கள் இனி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நடைபெறும். ரசிகரின் குரலே சம்மேளனத்தின் குரல்.'

தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் பல்லுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் பாராட்டினார்கள். சிலர், இதற்காகத்தான் டீமைக் கீழே இறக்கினாயா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்கள். அவர் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வடக்கு கேலரி நிரம்பி வழிந்தது. அன்று காலைதான் தபால் பெட்டியில் சம்மேளனத்தின் உறை ஒன்றைப் பார்த்து அவர் பையில் சொருகியிருந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆனபின், பந்து வெளியே போன இடைவெளியில் அதைப் பிரித்தார். மூன்று பக்கம்.

'கூட்டம் நடைபெற்றுக்கொண்டிருக்கையில், சுவருக்கு அப்பால் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தின்பால் தாங்கள் அளவுகடந்த ஈடுபாடு காட்டியது விசாரணையில் தெரியவந்துள்ளது. தாங்கள் ஒரு ரசிகர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளபடியால், ரசிகர் பிரதிநிதி பதவியிலிருந்து தாங்கள் உடனடியாக விடுவிக்கப்படுகிறீர்கள். அப்பதவிக்குத் தலைவரின் மைத்துனர்…'

"என்னடா போட்டிருக்கான்?" என்றாள் அக்கா, மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நான் ரசிகன்னு கண்டுபிடிச்சுட்டாங்களாம்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குக்கா."

"மடிச்சு வைடா அத" என்று அக்கா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். "கார்னர் கெடச்சிருக்கு."